குடற்பால்

அறுவைச் சிகிச்சை முடிந்த ஐந்தாம் நாள் காலை, அக்காவின் வயிற்றிலிருந்து வெளிவந்த குழாயில் பால் போன்ற ஒன்று இறங்கிக்கொண்டிருந்தது. முந்தின இரவுவரை அதில் வந்தது ஊன் கழுவிய நீரின் நிறம். அது நாளுக்கு நாள் வெளுத்து வருவதைப் பார்த்து, உள்ளே ஆறிக்கொண்டு வருகிறது என்று நாங்களாகவே மகிழ்ந்திருந்தோம். இப்போது வந்தது அந்த வெளுப்பு அல்ல. குழாயின் சுவரில் படிந்து, பையின் அடியில் தேங்கி, ஒளியை உள்ளே விடாத வெண்மை.

"தம்பி, இங்க பாருடா. நேத்து குடிச்ச பாலு அப்படியே வெளிய வருது" என்றாள் அக்கா. குரலில் அச்சத்தைவிட வியப்பே மிகுந்திருந்தது. எனக்குக் கால்கள் தளர்ந்தன. குடலில் எங்கோ தையல் விட்டுவிட்டது என்றே நானும் நினைத்தேன். செவிலியை அழைத்து, "சீழா சிஸ்டர்?" என்றேன். அவர் பையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, "சீழ்னா நாத்தம் இருக்கும், காய்ச்சல் வரும்ணா. இது வேற. டாக்டர் வரட்டும்" என்று சொல்லி, ஒரு சிறு குப்பியில் கொஞ்சம் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பினார். ஒரு மணி நேரம் கழித்து வந்த அறுவை மருத்துவர் ஒரே பார்வையில் சொன்னார்: "கைல் லீக். உயிருக்குப் பயமில்ல சார். ஆனா பொறுமை வேணும். வாயைக் கட்டணும்."

வாயைக் கட்ட வேண்டும் என்று அவர் சொன்னது யாரைப் பற்றி என்பதை அவர் அறிந்திருக்க நியாயமில்லை.

*

எனக்கு ஒன்பது வயதில் அம்மா போனாள். அக்காவுக்கு அப்போது பதினேழு. அடுப்பு அன்றே அவள் கைக்கு வந்துவிட்டது. அம்மா இறந்த நான்காம் நாளும் நான் சோறு உண்ண மறுத்து மூலையில் கிடந்தபோது, அக்கா பக்கத்து வீட்டில் ஒரு கரண்டி நெய் கடன் வாங்கி வந்து, பருப்புச் சோற்றில் விட்டுப் பிசைந்து, உருட்டி, என் வாயில் வைத்தாள். இத்தனை ஆண்டுகள் இலக்கியம் படித்தும் பாடம் சொல்லியும், விருந்தோம்பல் என்ற சொல்லைக் கேட்டால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்த உருண்டைதான்.

பிறகு மணமாகி மறைமலைநகர் வந்தாள். தொழிற்பேட்டைக்குப் போகும் சாலையில் மாமாவும் அவளும் ஒரு மெஸ் நடத்தினார்கள். ஃபோர்டு ஆலையிலும் அதைச் சுற்றியிருந்த உதிரிபாகத் தொழிற்கூடங்களிலும் வேலை பார்த்த, மணமாகாத இளைஞர்கள்தாம் வாடிக்கையாளர்கள். சாம்பாரின் மேல் எண்ணெய் மிதக்க வேண்டும் என்பது அவள் கொள்கை. "வீட்ட விட்டு வந்த புள்ளைங்க. மேலாப்புல எண்ணெ நின்னாத்தான் சோறு எறங்கும்" என்பாள். 2022இல் ஃபோர்டு உற்பத்தியை நிறுத்தியபோது மெஸ்ஸில் பாதி இலை குறைந்தது. அக்கா எண்ணெயைக் குறைக்கவில்லை.

அடுத்த ஆண்டு, 2023 வைகாசியில், அவளுக்குக் கண் மஞ்சளித்தது. வலி இல்லை. உடம்பெல்லாம் அரிப்பு. சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போயிற்று. காமாலை என்றால் நம் ஊரில் முதலில் போகும் இடம் எதுவோ அங்கேதான் நாங்களும் போனோம். கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தார்கள். உப்பில்லாப் பத்தியம் சொன்னார்கள். மூன்று வாரம் அப்படிப் போயிற்று. வலியில்லாமல் வந்து நாளுக்கு நாள் ஏறும் காமாலை, ஈரல் கெட்டதால் மட்டும் வருவதன்று; பித்தநீர் இறங்கும் வழியை ஏதோ அடைத்துக்கொண்டிருப்பதாலும் வரலாம் என்பதைப் பின்னால் சென்னையில், ஸ்கேன் படத்தின் முன் நின்றபோது அறிந்தேன். கணையத்தின் தலைப்பகுதியில் சிறு கட்டி. வெட்டி எடுக்கக்கூடிய நிலையில் இருந்தது. அந்த மூன்று வாரத்தை நினைத்து இன்றும் எனக்கு உறக்கம் கெடுவதுண்டு.

ஆடியில் அறுவைச் சிகிச்சையா என்று உறவினர்கள் முனகினார்கள். ஆவணிவரை கட்டி காத்திருக்குமா என்று மாமா கேட்டார். ஜூலை 20 அன்று அக்காவை உள்ளே அழைத்துப் போனார்கள். ஏழு மணி நேரம்.

*

விப்பிள் அறுவை என்று இதற்குப் பெயர். ஜெர்மனியில் வால்ட்டர் கௌஷ் என்பவர் 1909இல் இதன் முன்வடிவத்தைச் செய்திருக்கிறார். அமெரிக்கரான ஆலன் விப்பிள் 1935இல் விரிவாக எழுதியபின் அவர் பெயரே நிலைத்துவிட்டது. கணையத்தின் தலை, முன்சிறுகுடல், பித்தப்பை, பித்த நாளத்தின் ஒரு பகுதி, சில வேளை இரைப்பையின் கடைசிப் பகுதி ஆகியவற்றை ஒன்றாக எடுத்துவிட்டு, மீந்த கணையத்தையும் பித்த நாளத்தையும் இரைப்பையையும் குடலோடு தனித்தனியே தைக்க வேண்டும். இதற்குப் பின் எல்லோரும் அஞ்சுவது கணையத் தையல் கசிவதைத்தான். கணைய நீர் புரதத்தையும் கொழுப்பையும் கரைப்பது. கசிந்தால் சுற்றியுள்ளவற்றையே அரிக்கும். அதற்காகவே வயிற்றுக்குள் குழாய்களை விட்டு வைத்து, வெளியே வரும் நீரில் அமிலேஸ் என்ற நொதியை அளந்து பார்க்கிறார்கள். அக்காவுக்கு அந்த அளவு நன்றாகவே இருந்தது. அந்த நிம்மதியில் நாங்கள் இருந்தபோதுதான் வேறொரு கதவு திறந்தது.

கைல் என்பதற்குத் தமிழில் குடற்பால் என்று கலைச்சொல் இருக்கிறது. நாம் உண்ணும் மாவும் புரதமும் செரித்தபின் குடலிலிருந்து இரத்தக் குழாய் வழியாக நேரே ஈரலுக்குப் போகின்றன. கொழுப்புக்கு அந்த வழி இல்லை. அது நுண்ணிய துளிகளாகி, குடலின் சுவரில் இருக்கும் நிணநீர்க் குழாய்களுக்குள் புகுந்து, அங்குள்ள தெளிந்த நீரைப் பாலாக்குகிறது. அதுவே குடற்பால். முதுகெலும்பை ஒட்டி, இடுப்புக்குச் சற்று மேலே, ஒரு சிறு தொட்டி போன்ற இடத்தில் அது சேர்கிறது. அங்கிருந்து மார்பின் ஊடாக ஒரு மெல்லிய குழாயில் ஏறி, இடப்பக்கக் கழுத்தடியில் ஒரு பெரிய சிரையில் கலக்கிறது. உண்பதைப் பொறுத்து நாளொன்றுக்கு இரண்டு லிட்டர் அளவுக்கோ அதற்கு மேலோ இப்படி ஓடுகிறது. நம் ஒவ்வொருவருக்குள்ளும் இப்படி ஒரு வெண்ணிறக் கால்வாய் இருப்பதை நாற்பத்தாறு வயதுவரை நான் அறிந்திருக்கவில்லை.

சித்த மருத்துவத்தில் உடற்கட்டுகள் ஏழு என்பார்கள்: சாரம், செந்நீர், ஊன், கொழுப்பு, எலும்பு, மூளை, சுக்கிலம் அல்லது சுரோணிதம். உண்ட உணவிலிருந்து முதலில் பிறப்பது சாரம். இன்றைய சித்த மருத்துவ நூல்களில் சாரத்துக்கு ஆங்கிலத்தில் கைல் என்றே பொருள் எழுதுவதுண்டு. இதைக் கொண்டு நம் முன்னோர் நிணநீர்க் குழாய்களை அன்றே கண்டுவிட்டனர் என்று மார்தட்ட நான் வரவில்லை; இரண்டும் வெவ்வேறு பார்வைகள். ஆயினும் அக்காவின் படுக்கையருகே உட்கார்ந்து அந்தப் பையைப் பார்த்தபோது, சாரம் கசிகிறது என்று சொல்வது வெறும் மொழிபெயர்ப்பாக எனக்குத் தோன்றவில்லை. அவள் உண்டதன் சாரம்தான் கண்ணெதிரே வடிந்துகொண்டிருந்தது.

இந்தக் குழாய்களை முதலில் தெளிவாகக் கண்டவர் இத்தாலியரான கஸ்பாரே அசெல்லி. 1622இல் உயிருள்ள ஒரு நாயின் வயிற்றைத் திறந்தபோது குடலைத் தாங்கும் சவ்வில் வெண்ணிற நூல்கள் பரவியிருக்கக் கண்டார். நரம்புகள் என்று நினைத்து ஒன்றைக் கீறினார், பால் பீச்சியது. மற்றொரு நாயைத் திறந்தபோது அந்த நூல்களைக் காணவில்லை. முதல் நாய் சற்று முன்புதான் நன்றாக உண்டிருந்தது என்பது அவருக்குப் பிறகுதான் விளங்கிற்று. அவருடைய நூல் 1627இல், அவர் இறந்தபின் வெளிவந்தது. அக்குழாய்கள் ஈரலுக்குப் போவதாக அவர் எண்ணியிருந்தார். அவை ஈரலைத் தவிர்த்து மார்பின் வழியே மேலேறுவதை 1651இல் ழான் பெக்கே என்ற பிரெஞ்சுக்காரர் காட்டினார்.

அந்த நாயின் கதையில் அக்காவின் கதையும் இருக்கிறது. புற்றுக்கட்டியை எடுக்கும்போது, அது பரவக்கூடிய நிணநீர் முடிச்சுகளையும் முதுகெலும்புக்கு முன்னால் ஓடும் பெருங்குழாய்களை ஒட்டித் துடைத்தெடுக்கிறார்கள். குடற்பால் தொட்டியும் அதன் கிளைகளும் இருப்பது அதே அண்டையில்தான். மயிரிழைபோன்ற ஒரு குழாய் அறுபட்டால் அது கண்ணில் படாது. ஏனென்றால் நோயாளி பட்டினி கிடந்து வந்தவர். அப்போது அக்குழாயில் ஓடுவது நிறமற்ற நீர். அவர் உண்ணத் தொடங்கிய பிறகே அது வெண்மையாகித் தன்னைக் காட்டிக்கொள்கிறது. அக்காவுக்கு நான்காம் நாள் பாலும் இட்லியும் கொடுத்தோம். ஐந்தாம் நாள் தெரிந்தது. யாருடைய பிழையும் அன்று என்று மருத்துவர் சொன்னபோது நான் நம்பவில்லை. படித்த பின் நம்பினேன்.

கணைய அறுவைக்கான பன்னாட்டு ஆய்வுக்குழு 2017இல் இதற்கு ஒரு வரையறை வகுத்திருக்கிறது. அறுவைக்குப் பின் மூன்றாம் நாளோ அதற்குப் பிறகோ பால் நிற நீர் வர வேண்டும். அதில் ட்ரைகிளிசரைடு என்ற கொழுப்பு டெசிலிட்டருக்கு 110 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருக்க வேண்டும். அக்காவின் குப்பியில் 386. உணவுக் கட்டுப்பாடு மட்டுமே போதுமென்றால் முதல் நிலை. குழாயை நீண்ட நாள் வைத்திருக்கவும் சிரைவழி ஊட்டவும் மருத்துவமனையில் தங்கவும் நேர்ந்தால் இரண்டாம் நிலை. மறுபடி கருவியோ கத்தியோ தேவைப்பட்டாலும், தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போக நேர்ந்தாலும் மூன்றாம் நிலை. பெரும்பாலான கசிவுகள் கத்தியின்றியே அடைபடும். அடைபடும்வரை புரதமும், நோயை எதிர்க்கும் வெள்ளணுக்களும், கொழுப்பில் கரையும் வைட்டமின்களும், உப்புகளும் வெளியேறிக்கொண்டே இருக்கும். ஒரு வாரத்தில் அக்காவின் கால்கள் வீங்கின, கன்னம் ஒட்டியது.

*

சிகிச்சை எளிது, கொழுப்பைக் கொடுக்காதிருத்தல். ஓட்டம் குறைந்தால் காயம் தானே மூடிக்கொள்ளும். ஒரு நாளைக்கு 10 கிராமுக்கும் குறைவான கொழுப்பு என்று உணவியலாளர் எழுதிக் கொடுத்தார். தாள் ஆங்கிலத்தில் இருந்தது. ரொட்டி, சூப், வேகவைத்த கோழி என்று ஏதேதோ இருந்தன. சாம்பார் இல்லை, கூழ் இல்லை, மோர் இல்லை.

அன்றிலிருந்து எங்கள் வீட்டு அடுப்படி வேறொரு பள்ளிக்கூடமாயிற்று. எண்ணெய் எங்கெல்லாம் ஒளிந்திருக்கிறது என்பது அப்போதுதான் புரிந்தது. தாளிக்காத ரசம் ரசமா என்று என் மனைவி தயங்கினாள். கடுகை வெறும் சட்டியில் பொரித்துக் கொட்டிப் பார்த்தாள். இட்லித் தட்டில் எண்ணெய் தடவாமல் ஈரத்துணி விரித்து வார்த்தாள். தேங்காய்ச் சட்னி போயிற்று. புதினாவும் புளியும் அரைத்த துவையல் வந்தது. ஆடை நீக்கிய பாலில் உறை ஊற்றிய தயிர், முட்டையின் வெள்ளைக் கரு, கேழ்வரகுக் கூழ், குழைய வேகவைத்த சுரைக்காய், வாழைப்பழம். விடியற்காலை மின்வண்டியில் மறைமலைநகரிலிருந்து தூக்குச்சட்டியோடு ஏறினால், தாம்பரம் வருவதற்குள் பெட்டி நிறைந்துவிடும். மடியில் அதை அணைத்தபடி உட்கார்ந்திருப்பேன்.

கூடவே ஒரு மருந்துக் குப்பி: எம்.சி.டி. எண்ணெய். எண்ணெயே கூடாது என்றவர்கள் எண்ணெயையே மருந்தாகக் கொடுத்தது எங்களுக்குப் புதிராக இருந்தது. கொழுப்பு அமிலங்களின் கரிமச் சங்கிலி நீளமாக இருந்தால்தான் அவை நிணநீர் வழியாகப் போகும். எட்டு, பத்து கரிமங்கள் கொண்ட குட்டைச் சங்கிலிகள் மாவையும் புரதத்தையும் போல நேரே ஈரலுக்குப் போய்விடும். கசியும் வழியைத் தொடாமலே வலுக் கொடுக்கும். இது தேங்காய் எண்ணெயிலிருந்து பிரித்தெடுப்பது என்று கேள்விப்பட்ட மாமா, செக்கில் ஆட்டிய தேங்காய் எண்ணெய் ஒரு லிட்டர் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். நல்லவேளையாக உணவியலாளர் பார்த்தார். தேங்காய் எண்ணெயில் ஏறத்தாழப் பாதி, பன்னிரண்டு கரிமங்கள் கொண்ட லாரிக் அமிலம். அதில் பெரும்பங்கு நிணநீர் வழியே போகக்கூடியது. பிரித்தெடுத்ததும் பிரிக்காததும் ஒன்றல்ல. இதே எண்ணத்தில் எத்தனை வீடுகளில் எத்தனை பேர் அன்போடு தேங்காய் எண்ணெயை ஊற்றிக் கொடுத்திருப்பார்களோ என்று நினைத்துக்கொண்டேன்.

நான் ஒரு குறிப்பேடு வைத்திருந்தேன். ஜூலை 25: 650 மில்லி. 27: 520. 30: 310. ஆகஸ்ட் 1: 160. ஆகஸ்ட் 2: 90, நிறம் வைக்கோல் கழுவிய நீர்போல. அன்று மாலை மருத்துவர், "இன்னும் மூணு நாள் இப்படியே போனா டியூபை எடுத்துடலாம்" என்றார்.

மறுநாள் ஆடிப்பெருக்கு.

*

எங்கள் வீட்டில் ஆடிப் பதினெட்டு அக்காவின் நாள். எலுமிச்சைச் சாதம், தேங்காய்ச் சாதம், புளிச்சாதம், தயிர்ச்சாதம் என்று கிளறி, மெஸ்ஸுக்கு வரும் பிள்ளைகளுக்கு அன்று காசு வாங்காமல் இலை போடுவாள். அந்த ஆண்டு மருத்துவமனைச் சன்னலருகே படுத்துக்கொண்டு கூரையைப் பார்த்தபடி கிடந்தாள். மாமா வீட்டுக்குப் போயிருந்தார். நண்பகல் சாப்பாட்டை நான் எடுத்து வைத்தேன். குழைந்த சோறு, உப்பும் மஞ்சளும் போட்ட பருப்பு.

"நாக்கு செத்துப் போச்சுடா தம்பி" என்றாள். "ஒரே ஒரு வாய். நெய் விட்டு. வேற எதுவும் வேணாம்."

பதினெட்டு வருடமாகக் கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். 110 என்ற எண்ணும் 10 கிராம் என்ற எண்ணும் என் குறிப்பேட்டில் கோடிட்டு எழுதப்பட்டிருந்தன. அறியாதவன் செய்த பிழையென்று என்னை நான் மன்னித்துக்கொள்ள இடமே இல்லை. கீழே இறங்கிப் போய்ச் சாலைக்கு எதிர்ப்புறக் கடையில் சிறு புட்டி நெய் வாங்கி வந்தேன். இரண்டு தேக்கரண்டி விட்டேன். ஒரு நாள் முழுவதற்கும் அனுமதித்த கொழுப்பு அதிலேயே முடிந்துவிட்டது. பிசைந்து, உருட்டி, அவள் வாயில் வைத்தேன். ஒரு வாய் என்றது ஏழு வாயாயிற்று. அவள் கண்ணை மூடிக்கொண்டு மென்றாள். முப்பத்தேழு ஆண்டுக் கடனைத் திருப்பிக் கொடுத்துவிட்டதாக எனக்குத் தோன்றியது. அந்த நிறைவை இப்போது நினைத்தால் கூசுகிறது.

மாலை ஆறு மணிக்குக் குழாய் வெளுக்கத் தொடங்கிற்று. மறுநாள் காலை பையில் 480 மில்லி, சுத்தமான பால்.

மருத்துவர் பையைப் பார்த்தார், தாளைப் பார்த்தார். "நேத்து சாப்பாட்டுல ஏதாவது மாற்றம் இருந்துச்சா?" என்றார். மாமா, "ஒண்ணுமில்ல சார், எப்பவும் போலத்தான்" என்றார். அவருக்குத் தெரியாது. அக்கா என்னைப் பார்க்காமல் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்; அவள் என்னைக் காட்டிக்கொடுக்க மாட்டாள். சொல்லாமலிருந்தால், கசிவு தானாகக் கூடிவிட்டது என்று நினைத்து மேற்கொண்டு என்னென்ன செய்வார்களோ என்ற அச்சம்தான் என் வாயைத் திறந்தது. நேர்மையன்று.

"நெய் சாதம் கொடுத்தேன் சார். நான்தான்."

அவர் கோபிக்கவில்லை. "சொன்னது நல்லதாப் போச்சு. பாதிப்பேர் சொல்ல மாட்டாங்க. நாங்க என்ன காரணம்னு தெரியாம டெஸ்ட் மேல டெஸ்ட்டா எழுதிக்கிட்டு இருப்போம்" என்றார். பிறகு, வாய்வழி உணவு முழுவதையும் நிறுத்தும்படி செவிலியிடம் சொன்னார். பத்து நாள்.

*

அந்தப் பத்து நாளும் அக்கா சிரை வழியாக உண்டாள். கழுத்துக்கருகே ஒரு குழாய். அதன் மேலே கம்பியில் தொங்கும் பெரிய பை. மாவுச்சத்தும் அமினோ அமிலங்களும் கொழுப்பும் தனித்தனி அறைகளில் இருக்கும். செவிலி பையை அழுத்தி உள்தடுப்புகளை உடைத்ததும் மூன்றும் கலந்து வெண்ணிறமாகும். "மேல ஏத்துறதும் பாலு, கீழ எறங்குறதும் பாலு" என்றாள் அக்கா. எனக்கும் அதே ஐயம்தான். கொழுப்பு நேரே இரத்தத்தில் சேர்ந்தால் குடலின் நிணநீர்க் குழாய்களை அது கடக்க வேண்டியதில்லை. ஆகவே கசிவைக் கூட்டாது என்று விளக்கினார்கள். நாள்தோறும் மூன்று வேளை தோலடியில் ஆக்ட்ரியோடைட் என்ற ஊசி. குடல் சுரப்புகளையும் நிணநீர் ஓட்டத்தையும் அது தணிக்குமாம்.

இதற்கும் அடங்காவிட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். நிணநீர்க் குழாய்களுக்குள் லிப்பியோடால் என்ற மையைச் செலுத்திப் படமெடுத்து, கசியும் இடத்தைக் கண்டு அடைப்போம் என்றார் மருத்துவர். அது அயோடின் சேர்த்த கசகசா எண்ணெய். சில பேருக்கு அந்த எண்ணெயே கசிவை அடைத்துவிடுவதும் உண்டு என்றார். எண்ணெயால் கெடுத்ததை எண்ணெயே ஒட்டவைக்கும் அந்த நிலை எங்களுக்கு வரவில்லை.

ஒரு பிற்பகலில் அவரே என்னிடம், "நீங்க தமிழ் புரொபசர்தானே சார்? இந்த டயட் ஷீட்டை நம்ம ஆளுங்களுக்குப் புரியற மாதிரி எழுதிக் குடுங்களேன்" என்றார். தண்டனையாகச் சொன்னாரோ தேவைக்காகச் சொன்னாரோ, நான் அதைப் பிராயச்சித்தமாக எடுத்துக்கொண்டேன்.

எழுத உட்கார்ந்தபோது முதல் வரியிலேயே நின்றுவிட்டேன். குடற்பால் கசிவு என்று எழுதினால், தாய்ப்பால், மாட்டுப்பால் என்று அறிந்தவர் என்ன நினைப்பார்? நிணநீர்க் கசிவு என்றால் அதுவும் தெரியாது. நான் குடியிருக்கும் ஊர், 1916இல் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கிய மறைமலை அடிகளின் பெயரைத் தாங்கியது. வேதாசலம் என்ற தம் பெயரையே மாற்றிக்கொண்டவர் அவர். அவருக்கும் முன்னால், 1847இல் யாழ்ப்பாணத்துக்கு வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்து, 'இரண வைத்தியம்' போன்ற பெரு நூல்களைத் தமிழில் ஆக்கியிருக்கிறார். ஒவ்வொரு உறுப்புக்கும் ஒவ்வொரு நோய்க்கும் சொல் தேடிய மனிதர் அவர். அந்த உழைப்புக்கெல்லாம் பின்னும் ஒரு நோயாளியின் கையில் தமிழில் ஒரு பக்கம் கொடுக்க நமக்கு இயலவில்லை.

அக்காவிடமே கேட்டேன். "உனக்கு என்னக்கா ஆயிருக்கு? மாமாவுக்குச் சொல்ற மாதிரி சொல்லு."

"சோத்துல இருக்கிற சத்துத் தண்ணி, ஒடம்புல சேராம ஒரு ஓட்டை வழியா ஒழுகுது. எண்ணெ சேத்தா அதிகமா ஒழுகுது. ஓட்டை அடையற வரைக்கும் எண்ணெ ஆகாது. அவ்ளோதான?"

அவ்வளவுதான். அதையே முதல் வரியாக எழுதினேன். குடற்பால் என்ற சொல்லை இரண்டாம் வரியில் வைத்தேன். பிறகு பட்டியல்: எவை ஆகும், எவை ஆகா. தோசைக்கல்லில் தடவும் எண்ணெயும் எண்ணெய்தான். முழுப்பால், பாதாம், வேர்க்கடலை, தேங்காய் ஆகா. வீட்டுத் தேங்காய் எண்ணெய் மருந்து எண்ணெய்க்கு மாற்றாகாது. மருத்துவர் சொல்லாமல் இந்தப் பத்தியத்தை நெடுநாள் நீட்டவும் கூடாது. உடலுக்கு இன்றியமையாத சில கொழுப்புகள் குறைந்துபோகும். தவறிக் கொடுத்துவிட்டால் மறைக்க வேண்டாம், உடனே சொல்லுங்கள். கடைசி வரியை எழுதி, அடித்து, மறுபடி எழுதினேன்: நோயாளி கேட்டாலும், உங்களுக்கு மனம் பொறுக்காவிட்டாலும், நெய் கொடுக்காதீர்கள்.

*

ஆகஸ்ட் 14 அன்று பையில் 20 மில்லி. மறுநாள் கஞ்சித் தெளிவில் தொடங்கி, எண்ணெயில்லாச் சோற்றுக்கு வந்தாள். நான்கு நாள் அப்படியே நின்றது. 19ஆம் தேதி காலை மருத்துவர் வந்து, "இன்னிக்கு மதியம் கொழுப்புச் சாப்பாடு குடுத்துப் பாக்கணும். அப்பவும் வெளுக்கலைன்னா ஓட்டை அடைஞ்சிருச்சுன்னு அர்த்தம். டியூபை எடுத்துடலாம்" என்றார். வாசல்வரை போனவர் திரும்பி என்னைப் பார்த்தார். "நெய் சாதமே குடுங்க சார்."

பருப்புச் சோற்றில் இரண்டு தேக்கரண்டி அளந்து விட்டேன். இந்த முறை என் கை நடுங்கிற்று. "இப்ப எதுக்குடா பயப்படுற, டாக்டரே சொல்லிட்டாரே" என்றாள் அக்கா. வாயைத் திறந்தவள், என்ன நினைத்தாளோ, "நான் நெதானமா எடுத்துக்கறேன், வை" என்று தட்டை வாங்கித் தானே உண்டாள். ருசித்து உண்டதாகத் தெரியவில்லை. ஒவ்வொரு வாய்க்கும் குழாயைப் பார்த்துக்கொண்டாள்.

அன்றிரவு நான் உறங்கவில்லை. கைப்பேசி விளக்கைக் குழாயின் மேல் அடித்து அடித்துப் பார்த்தேன். பத்து மணிக்குத் தெளிவு. ஒரு மணிக்குத் தெளிவு. மூன்று மணிக்கு, "தூங்குடா. வெளுத்தா வெளுக்கட்டும்" என்றாள். விடிந்தபோது பையில் இருந்தது 15 மில்லி, வெளிறிய மஞ்சள் நீர். அதன் வழியே மறுபுறத்தில் இருந்த என் விரல் தெரிந்தது.

இரண்டு நாள் கழித்துக் குழாயை எடுத்தார்கள். முப்பத்து மூன்றாம் நாள் வீடு திரும்பினோம். அதன்பின் ஆறு மாதம் கீமோதெரபி. அது வேறொரு கதை. அதற்கு வேறொரு பொறுமை வேண்டியிருந்தது. கசிவால் அந்தச் சிகிச்சை தள்ளிப்போனதில் என் பங்கு எத்தனை நாள் என்ற கணக்கு என் குறிப்பேட்டில் இருக்கிறது. அக்காவுக்கு நான் அதைக் காட்டியதில்லை.

இப்போது அவள் உண்ணும்போதெல்லாம் கணைய நொதி மாத்திரை விழுங்குகிறாள். அதற்குச் சோத்து மாத்திரை என்று பெயர் வைத்திருக்கிறாள். மெஸ் மறுபடி நடக்கிறது, சிறிய அளவில். சாம்பாரில் எண்ணெய் முன்போல மிதக்கிறது. போன ஆடிப் பதினெட்டுக்குப் போயிருந்தேன். இலையில் பருப்பும் சோறும் வைத்து, நெய்க் கிண்ணத்தோடு என் முன் நின்றவள் கரண்டியை நீட்டிக்கொண்டு கேட்டாள்:

"எத்தன ஸ்பூனுடா, வாத்தியாரே?"